தென்றலோடு வந்த புகை

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 24, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அன்று மாலை கல்வி அமைச்சிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: நாளைக்கும் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எதுவும் இயங்காது. வெள்ளம் வரவில்லை, காய்ச்சல் பரவவில்லை. மூச்சுவிடும் காற்று கெட்டுப்போயிருந்தது. அதற்காகத்தான் அந்த விடுமுறை.

மறுநாள் காலை தேக்கா சந்தைக்குப் பக்கத்து வீவக அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சிராங்கூன் ரோடு முழுவதும் விறகடுப்பு வாசம். பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முகத்தில் முகக்கவசம். மல்லிகை மணத்தையும் மீறி அந்தப் புகை நெடி மூக்கில் ஏறியது. அக்கா மகள் அப்போது தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். எதிரே எப்போதும் தெரியும் உயரமான கட்டடங்களைக் காணவில்லை. சூரியன் மட்டும் ஆரஞ்சுச் சுளை நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதையே உற்றுப் பார்த்தாள். "சூரியனை நேராப் பாக்காதேம்மா, புகை மறைச்சாலும் அது சூரியன்தான்" என்று அவளை இழுத்து உட்கார வைத்தேன்.

"யாரோ கீழ குப்பையைக் கொளுத்துறாங்க போல" என்றார் அவள் பாட்டி.

"இல்லம்மா, சுமத்ராவிலிருந்து வருது" என்றேன்.

அக்கா மகள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க பார்த்தீங்களா மாமா?"

நல்ல கேள்வி. நான் பார்க்கவில்லை. நாளிதழில் படித்ததைத்தான் சொன்னேன். புகையில் "இது இன்ன ஊர்ப் புகை" என்று எழுதியிருப்பதில்லை. மோந்து பார்த்தாலும் ஊர் தெரியாது. அப்படியென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அவளுக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

தரையில் நம்மிடம் இருக்கும் கருவிகளிலிருந்து தொடங்குவோம். தேசிய சுற்றுப்புற வாரியம் சிங்கப்பூரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று 5 வட்டாரமாகப் பிரித்துக் காற்றை இரவும் பகலும் அளக்கிறது. அதைத்தான் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்கிறோம். பிஎஸ்ஐ என்றால் உங்களுக்கு உடனே புரியும். 50 வரை நல்ல காற்று, 100 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் உடல்நலத்துக்கு ஆகாது. 200ஐத் தாண்டினால் மிகவும் கெடுதல், 300ஐத் தாண்டினால் ஆபத்து. பள்ளிகளை மூடிய அந்த வாரத்தில் எண் 300ஐத் தாண்டியது.

இந்த எண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் பிஎம் 2.5 என்ற நுண்துகள். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் 400இல் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் இந்தத் துகள். மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. என்95 வகைதான் தேவைப்படும்.

ஆனால் தரையிலிருக்கும் கருவி "எவ்வளவு" என்று மட்டும்தான் சொல்லும். "எங்கிருந்து" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்கு மேலே போக வேண்டும். கொஞ்சநஞ்ச உயரம் இல்லை.

நியூ கினித் தீவுக்கு வடக்கே, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜப்பானின் வானிலைத் துணைக்கோள் ஒன்று இருக்கிறது. பெயர் ஹிமவாரி. ஜப்பானிய மொழியில் அதற்குச் சூரியகாந்திப் பூ என்று பொருள். அந்தப் பூ சூரியனைப் பார்க்கும் என்பார்கள், இந்தப் பூ பூமியைப் பார்க்கிறது. பூமி ஒருமுறை தன்னைச் சுற்றி முடிக்கும் நேரத்தில் இதுவும் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதனால் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போலவே தோன்றும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசியாவின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா, பசிபிக் பெருங்கடல் எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுத்துவிடும். ஹிமவாரி 8 வேலையைத் தொடங்கியது 2015 ஜூலையில். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெரும்புகை வந்தது. 2022 டிசம்பரில் அந்த வேலையை ஹிமவாரி 9 ஏற்றுக்கொண்டது.

இன்னொரு வகைத் துணைக்கோள் தாழ்வாகப் பறக்கும். சுவோமி என்பிபி என்ற அமெரிக்கத் துணைக்கோள் 2011இல் ஏவப்பட்டது. 824 கிலோமீட்டர் உயரத்தில் வட துருவம், தென் துருவம் என்று சுற்றிச் சுற்றி வரும். கீழே பூமி உருண்டுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு பட்டை அதன் கண்ணில் படும். ஓர் ஊரைச் சூரியக் கணக்கில் பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் ஒருமுறையும், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் ஒருமுறையும் கடக்கும். டெரா, அக்வா என்ற அதன் அக்காமார் இருவர் 1999இலும் 2002இலும் ஏவப்பட்டவர்கள்.

உயரத்தில் இருப்பது ஓயாமல் பார்க்கும், ஆனால் நுணுக்கமாகப் பார்க்காது. தாழ்வாகப் பறப்பது நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் எப்போதாவதுதான் வரும். இரண்டும் வேண்டும்.

அந்த நுணுக்கத்தை ஒரு கோலத்தை வைத்துச் சொல்கிறேன். பொங்கலுக்குப் பாட்டி புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வரிசை வரிசையாகப் புள்ளி. துணைக்கோள் படமும் அப்படிப்பட்ட புள்ளிகளால் ஆனதுதான். ஒரு புள்ளிக்குள் நிறம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். சுவோமி என்பிபி நெருப்பைத் தேடும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் நீளம், 375 மீட்டர் அகலம். அதற்குள் 20 கால்பந்துத் திடல்களை அடுக்கிவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் சிக்கல், மேகமா புகையா என்பது. சிங்கப்பூர், சுமத்ரா வானத்தில் மேகம் இல்லாத நாள் அபூர்வம். மேலிருந்து எடுத்த படத்தில் மேகம் பளிச்சென்ற வெள்ளையாக, பிய்த்த பஞ்சு போல விளிம்பு தெரிய இருக்கும். புகை சாம்பலும் நீலமும் பழுப்பும் கலந்து, தண்ணீரில் கரைத்த திருநீறு போல விளிம்பில்லாமல் பரவியிருக்கும். பழகிய கண்ணுக்கு இது போதும். ஆனாலும் மேகமும் புகையும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்போது பழகிய கண்ணும் ஏமாறும்.

அப்போது விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லுக்கு மேல் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டினால் சூடு தெரிகிறது அல்லவா? கல் ஒளிரவில்லை, ஆனால் அதிலிருந்து ஏதோ வந்து கையைத் தொடுகிறது. அதுதான் அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, துணைக்கோளுக்குத் தெரியும். ஹிமவாரி ஒரே காட்சியை 16 வகை ஒளியில் படமெடுக்கிறது. அதில் வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் மேகம் தெரியும். உயரத்தில் குளிர்ந்து கிடப்பதால் அது தனியாகத் தெரியும். புகையோ அந்தப் படத்தில் ஏறக்குறைய மாயமாய் மறைந்துவிடும். புகைத்துகள் அந்த ஒளி அலையின் நீளத்தைவிட மிகச் சிறியது. பெரிய கடலலை ஒரு சிறு கூழாங்கல்லைக் கண்டுகொள்ளாமல் போவது போல, அந்த ஒளி துகளைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும்.

ஆக, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் மேகம். சாதாரணப் படத்தில் இருந்து, வெப்பப் படத்தில் காணாமல் போனால் புகை. ஆளைக் கண்டுபிடிக்க அவர் எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். இங்கே எங்கே இல்லை என்று கேட்கிறார்கள்!

அடுத்தது நெருப்பு. எந்தப் பொருளும் சூடாக ஆக, அது வீசும் ஒளியின் அலை குட்டையாகிக்கொண்டே வரும். 27 பாகை வெப்பத்தில் இருக்கும் நம் ஊர்த் தரை மிக அதிகமாக வீசுவது 10 மைக்ரோமீட்டர் அலையை ஒட்டி. 700 பாகைக்கு மேல் எரியும் நெருப்பு மிக அதிகமாக வீசுவது 3 மைக்ரோமீட்டரை ஒட்டி. ஆகவே துணைக்கோள் 4 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு படமும் 11 மைக்ரோமீட்டர் பக்கத்தில் ஒரு படமும் எடுக்கிறது. ஒரு புள்ளி முதல் படத்தில் மட்டும் திடீரென்று பிரகாசித்தால், அங்கே எரிகிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு சிவப்புப் பொட்டு வைக்கிறார்கள். வானிலைக்காரர்கள் ஹாட்ஸ்பாட் என்பார்கள். நாம் வெப்பப் புள்ளி என்போம்.

இங்கேதான் அந்த 20 கால்பந்துத் திடலை நினைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பொட்டு விழுந்தால் 20 திடலும் எரிகிறது என்று பொருள் இல்லை. ஒரு மூலையில் எரியும் நெருப்பு கடுமையாக இருந்தாலே அந்தப் புள்ளி முழுதும் சிவந்துவிடும். எரிமலையின் வாயும், எண்ணெய்க் கிணற்றில் வாயுவை எரிக்கும் சுடரும்கூடப் பொட்டு வைத்துக்கொள்ளும். சுமத்ராவில் இரண்டும் உண்டு. படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு.

சரி, சுமத்ராவில் எது எரிகிறது? காடு என்று எல்லோரும் சொல்கிறோம். மரம் எரிவதைவிட மண் எரிவதுதான் பெரிய தொல்லை.

மண் எரியுமா? சுமத்ராவின் கிழக்குக் கரையிலும், போர்னியோத் தீவில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான கலிமந்தானிலும் பரந்த சதுப்புக் காடுகள் உண்டு. அங்கே விழும் இலையும் கிளையும் தண்ணீருக்குள் கிடப்பதால் முழுக்க மக்காது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, பல மீட்டர் ஆழத்துக்குக் கறுப்பாய், பஞ்சு போலக் கிடக்கும். அதைப் பீட் என்பார்கள். நிலக்கரி ஆகும் வழியில் பாதியில் நிற்கும் மண் அது. ஈரமாய் இருக்கும்வரை தீப்பிடிக்காது. செம்பனைத் தோட்டமும் காகிதக்கூழ் மரத்தோட்டமும் போடுவதற்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததால் அது காய்ந்தது. செடிகொடிகளை அகற்ற ஆள்கூலி அதிகம், தீக்குச்சி மலிவு. வைத்த நெருப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

பாட்டி சாம்பிராணி போடும்போது கவனியுங்கள். தூபக்காலில் தீச்சுடர் இருக்காது, உள்ளே கனல் மட்டும் இருக்கும். புகையோ வீடு முழுக்க. குத்துவிளக்கில் சுடர் நன்றாக எரியும், ஆனால் புகை கொஞ்சம்தான். பீட் மண் சாம்பிராணி போல. சுடரின்றிக் கனன்று, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் புகையும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்தது போல் இருந்து, சில நாள் கழித்து வேறிடத்தில் தலைதூக்கும். பெருமழை வந்து நிலத்தடி நீர் ஏறினால்தான் அடங்கும்.

நெருப்பு இருக்குமிடம் தெரிந்தது, புகையும் தெரிந்தது. இரண்டையும் இணைக்க இன்னொன்று வேண்டும், காற்று. தமிழில் காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். இன்றைய வானிலை அறிவியலும் அப்படியேதான் சொல்கிறது. அது "தெற்குக் காற்று" என்றால் தெற்கே போகும் காற்று இல்லை, தெற்கிலிருந்து வரும் காற்று. நம் முன்னோரும் வானிலை ஆய்வாளர்களும் ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது வரைபடத்தை விரியுங்கள். சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, சுமார் 260 கிலோமீட்டரில், சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துத் துமாய் நகரம். ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 490 கிலோமீட்டரில், பலெம்பாங். ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டுவாக்கில் கடற்படை அனுப்பிய ஸ்ரீவிஜயத்தின் தலைநகர் அதுதான். அந்தக் கடற்படையும் காற்றின் திசை பார்த்துத்தான் புறப்பட்டிருக்க வேண்டும்.

காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் துமாய்ப் புகை 13 மணி நேரத்தில் சிராங்கூன் ரோட்டுக்கு வந்துவிடும். பலெம்பாங் புகைக்கு ஒரு முழு நாள் ஆகும். மேற்குக் காற்று அடித்தால் ரியாவைச் சந்தேகி, தென்றல் அடித்தால் பலெம்பாங் பக்கத்தைச் சந்தேகி. ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை இங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பெயர் தென்மேற்கு என்றாலும் இங்கே தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வரும். சுமத்ராவில் மழை குறையும் மாதங்களும் அவைதான். தமிழ்நாட்டில் சுகமான காற்று என்று நாம் கொண்டாடும் தென்றல், தீபாவளிக்குக் கடைகள் களைகட்டத் தொடங்கும் நேரத்தில் தேக்காவுக்குப் புகையைக் கொண்டுவருகிறது. 2015இல் நடந்தது அதுதான். அந்த ஆண்டு எல் நினோ வேறு. பசிபிக் கடல்நீர் சூடேறி இந்தோனேசியாவின் மழையைக் குறைத்துவிட்டது. 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. சிங்கப்பூரைப் போல 35 மடங்கு நிலம்.

2013 வேறு மாதிரி. அது எல் நினோ ஆண்டே இல்லை. ஜூன் மாதம் நடுவில் ரியாவில் தீ. காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடித்தது. ஜூன் 19 அன்று எடுத்த துணைக்கோள் படத்தில் சுமத்ராவிலிருந்து புறப்பட்ட சாம்பல் பட்டை, மலாக்கா நீரிணையைத் தாண்டி நேராகச் சிங்கப்பூர்மேல் விழுவது தெரிந்தது. ஜூன் 21 நண்பகல் 12 மணிக்கு இங்கே 3 மணி நேரப் பிஎஸ்ஐ 401. சிங்கப்பூரில் அதுவரை கண்டிராத எண். காற்று சற்றுத் திரும்பியது. ஜூன் 23 காலை மலேசியாவின் மூவாரில் அவர்களுடைய குறியீடு 746ஐத் தொட்டு, அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். தீ அதே தீதான். காற்று திரும்பியதும் புகை போய்ச்சேரும் ஊர் மாறிவிட்டது.

இந்த வேலையை நாள்தோறும் செய்ய ஓர் அலுவலகம் உண்டு. ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம், 1993இல் தொடங்கப்பட்டது. நடத்துவது சிங்கப்பூர் வானிலை ஆய்வகம். தினமும் துணைக்கோள் படங்களை எடுத்து வெப்பப் புள்ளிகளை எண்ணி, புகைப்பட்டைகளை வரைந்து, காற்றின் திசைக்கு அம்புக்குறி போட்டு வட்டார நாடுகளுக்குச் சொல்கிறார்கள். நாளைக்குப் புகை எங்கே போகும் என்றும் கணினியில் கணக்கிடுகிறார்கள். ஆற்றில் ஆயிரம் காகிதக் கப்பல்களை விட்டால் எந்தெந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று பார்ப்பது போல, நெருப்பு இருக்கும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் காற்றில் விட்டுப் பார்ப்பார்கள். இதைத் தலைகீழாகவும் செய்யலாம். சிங்கப்பூரில் இருக்கும் துகளைக் காற்றுக்கு எதிராகப் பின்னோக்கி நடத்திச் சென்றால், நேற்றும் முந்தாநாளும் அது எங்கே இருந்தது என்று தெரியும். அந்தப் பாதையில் சிவப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இருந்தால் துப்புக் கிடைத்துவிட்டது.

இல்லாவிட்டால்? நீங்கள் உண்மையாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. "இன்று சுமத்ராவில் வெப்பப் புள்ளிகள் குறைவு" என்று செய்தி வரும். உடனே "அப்பாடா, தீ அணைந்தது" என்று பலர் நினைத்துவிடுவார்கள். பெரியவர்களும் செய்யும் தவறு. வெப்பப் புள்ளி இல்லை என்றால், துணைக்கோள் நெருப்பைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். நெருப்பு இல்லை என்று பொருள் ஆகாது. மேலே கனத்த மேகம் மூடியிருந்திருக்கலாம். அடர்ந்த புகையே திரையாகத் தொங்கியிருக்கலாம். தாழ்வாகப் பறக்கும் துணைக்கோள் கடந்துபோன பிறகு தீ மூண்டிருக்கலாம். பீட் மண்ணுக்குள் கனன்றுகொண்டு, மேற்பரப்பில் சூடு காட்டாமல் இருந்திருக்கலாம். கண்ணாமூச்சி விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டவர் "யாரையும் காணோம்" என்பது போலத்தான். ஆகவே எண்ணிக்கை குறைந்த நாளில் "வானம் தெளிவாக இருந்ததா?" என்று கேட்காமல் மகிழக் கூடாது.

இன்னொரு குருட்டுப் புள்ளியும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது புகை சிங்கப்பூருக்கு மேல் கிடப்பது தெரியும், ஆனால் எந்த உயரத்தில் என்று சாதாரணப் படத்தில் தெரியாது. 2 கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகை வானத்தை மங்கலாக்கும், ஆனால் நம் மூக்குக்கு வராது. காலிப்சோ என்ற துணைக்கோள் 2006 முதல் 2023 வரை லேசர் ஒளியைக் கீழே அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை வைத்துப் புகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தது. மற்ற நாளெல்லாம் தரையிலிருக்கும் அந்த 5 வட்டாரக் கருவிகளைத்தான் கேட்க வேண்டும். வானத்துக் கண்ணும் தரையின் மூக்கும் ஒன்று சொல்வதை மற்றது சரிபார்க்கும்.

சிங்கப்பூர் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றது 1997இல். அப்போதும் கடுமையான எல் நினோ. சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் கிரிஸ்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொலையுணர்வு மையம் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் ஸ்பாட் என்ற பிரெஞ்சுத் துணைக்கோளின் படங்களை ஒட்டுப் போட்டுச் சேர்த்து, சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நிலம் சுமார் 45 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிட்டார்கள். அதே நேரத்தில் நாசாவின் கருவி ஒன்று, அந்தத் தீயின் புகை இந்தியப் பெருங்கடல்மீது மேற்கு நோக்கி நீண்டு கிடப்பதைக் காட்டியது. இப்போது பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெற்தாள் எரியும்போது தில்லிப் பக்கம் போகும் புகையைப் பார்ப்பதும் இதே வகைக் கண்கள்தான். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியபோதும் அப்படித்தான் பார்த்தார்கள்.

2014இல் சிங்கப்பூர் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகைமூட்டம் வரச்செய்யும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது அபராதத் தொகை இல்லை. இன்ன இடத்தில் தீ, துணைக்கோள் தகவலும் காற்றின் திசையும் வேகமும் அந்தப் புகை சிங்கப்பூர் நோக்கி வருவதாகக் காட்டுகின்றன என்றால், இங்குள்ள புகைமூட்டத்தில் அந்தப் புகைக்குப் பங்கு உண்டு என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நாம் இவ்வளவு நேரம் பார்த்த நெருப்பு, புகை, காற்று மூன்றும் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் ஏறியிருக்கின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. 2015இல் நமக்குப் பிஎஸ்ஐ 300 என்றால், கலிமந்தானில் பலங்காராயா நகரத்தில் அவர்களுடைய குறியீடு 2,000ஐ நெருங்கியது. இந்தோனேசியாவில் 5 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு மூச்சுத் தொற்று வந்தது. அங்கேயும் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். புகையை அனுப்பியவர்கள் அவர்கள் இல்லை. நமக்கு முன்னால் அதைச் சுவாசித்தவர்கள் அவர்கள்.

அன்று அக்கா மகளுக்கு என் கைப்பேசியில் ஒரு துணைக்கோள் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் எங்கே?" என்றாள். புகைக்கு அடியில் இருந்ததால் தெரியவில்லை.

நீங்கள் இதைத் தெளிவாகவே பார்க்கலாம். நாசாவின் வேர்ல்ட்வியூ என்ற இணையப் பக்கம் எல்லோருக்கும் இலவசம். அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லித் திறந்து, வரைபடத்தில் சிங்கப்பூரைக் கண்டுபிடியுங்கள். தேதியை 2013 ஜூன் 19க்கு மாற்றுங்கள். எது மேகம், எது புகை என்று விரலால் தொட்டுச் சொல்லுங்கள். பிறகு தீயைக் காட்டும் அடுக்கைச் சேர்த்தால் சிவப்புப் பொட்டுகள் வரும். புகைப்பட்டையின் வால் எந்தப் பொட்டில் தொடங்குகிறது, தலை எங்கே போகிறது, அன்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று ஒரு தாளில் வரையுங்கள். அது முடிந்ததும் 2015 செப்டம்பர் 25க்கு மாற்றி அதையே செய்யுங்கள். இரண்டு தாள்களிலும் அம்புக்குறி ஒரே பக்கம் பார்க்கிறதா?